மட்டியின் ஓடும் அது வாழும் மணலும்

உயிரியல் குறிப்பேடுகளில் ஓர் உயிரினத்தைப் பற்றி எழுதும்போது 'புறத்தோற்றம்' என்று ஒரு தலைப்பும், இரண்டு மூன்று பத்திகள் தள்ளி 'வாழிடம்' என்று இன்னொரு தலைப்பும் போடுவது நம் பள்ளிகளின் நீண்டகால வழக்கம். கோத்தகிரியில் பல ஆண்டுகளாக உயிரியல் கற்பித்து வரும் எனக்கு அந்த வழக்கத்தின் வசதி நன்றாகவே தெரியும். தேர்வில் மதிப்பெண் பிரிப்பதற்கு அது உதவுகிறது. ஆனால் அலையடிக்கும் மணலுக்குள் வாழும் ஒரு சிறிய மட்டியைப் பொறுத்தவரை இந்த இரண்டு தலைப்புகளும் தனித்தனியே நிற்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அதன் ஓட்டின் வளைவு, வழவழப்பு, கனம், உட்புறத்துத் தழும்பு என்று எதைத் தொட்டுப் பேசினாலும் பேச்சு உடனே மணலுக்கும் அலைக்கும் போய்விடுகிறது. கடலை நேரில் பார்த்திராத மலைப்பிள்ளைகளுக்குக் கடற்கரையை விளக்க வேண்டியிருக்கும்போது, அந்தக் கரையில் எடுத்த ஒரே ஓட்டைக் கையில் கொடுத்து அங்கிருந்து தொடங்குவதையே நான் விரும்புகிறேன்.

நான் சொல்லும் மட்டி டோனாக்ஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. நம் கரைகளில் மட்டி என்று பொதுவாக அழைக்கப்படும் இரட்டை ஓட்டு மெல்லுடலிகள் பல வகைப்படும். கழிமுகச் சேற்றில் புதைந்து கிடக்கும் பெரிய உருண்டை மட்டிகள் வேறு, திறந்த கடற்கரையில் அலை ஏறி இறங்கும் பட்டையில் வாழும் இந்தச் சிறிய மட்டிகள் வேறு. லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டிலேயே இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டுவிட்டார். தமிழகக் கரைகளில் டோனாக்ஸ் கியூனியேட்டஸ், டோனாக்ஸ் ஃபாபா, டோனாக்ஸ் ஸ்கார்ட்டம் முதலிய இனங்கள் உள்ளன. இவற்றுள் முதல் இரண்டும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்தால் அது நல்ல வளர்ச்சி. ஸ்கார்ட்டம் மட்டும் அவற்றைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வளரக்கூடியது. அதன் ஓட்டில் மெல்லிய வரம்புகள் எழுந்து நிற்கும், பின்முனை கூர்மையாக நீண்டிருக்கும், உட்புறம் ஊதா நிறமாக இருக்கும்.

என் தங்கையைச் சீர்காழியில் கட்டிக்கொடுத்திருப்பதால் பூம்புகார்க் கரை எனக்குப் பழக்கமான கரை. என்னிடம் இருக்கும் ஓடுகளில் பெரும்பாலானவை அங்கே பொறுக்கியவை. அவற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் சமமின்மை. நன்னீர்க் குளங்களில் கிடைக்கும் சிப்பியின் ஓடு நீண்ட முட்டை வடிவில் சாதுவாக இருக்கும். இதுவோ ஒரு பக்கம் நீண்டு மெலிந்தும், மறுபக்கம் சட்டென்று வெட்டிவிட்டதைப் போலக் குறுகியும் நிற்கிறது. ஓட்டின் முகடு நடுவில் இல்லாமல் அந்தக் குட்டையான பக்கத்தை நோக்கி ஒதுங்கியிருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் மெலிந்த நீண்ட முனையைத்தான் வால் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் முன்பக்கம். மண்ணுக்குள் முதலில் இறங்குவது அந்த முனை. வெட்டுப்பட்டதுபோல் தோன்றும் குட்டைப் பக்கமே பின்பக்கம். மட்டி புதைந்திருக்கும்போது மேல்நோக்கி இருப்பதும், நீர்க்குழல்கள் வெளியே நீள்வதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். இரண்டு ஓடுகளையும் இணைக்கும் பழுப்பு நிறப் பிணையமும் அந்தக் குட்டைப் பக்கத்திலேயே இருக்கிறது. எனவே ஓட்டை மேசைமேல் படுக்கவைத்துப் பார்ப்பது அதன் இயல்பான நிலையைக் காட்டாது. நீண்ட முனை கீழே இருக்கும்படி அதைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அந்த வடிவம் எதற்காக என்பது விளங்கத் தொடங்கும்.

அடுத்தது வழவழப்பு. விரலை முகட்டிலிருந்து விளிம்பு வரை ஓட்டினால் எங்கும் தடையே இல்லை. வளர்ச்சிக் கோடுகள் கண்ணுக்குத் தெரிகின்றனவே தவிர விரலுக்கு அநேகமாகத் தட்டுப்படுவதில்லை. அளவை வைத்துப் பார்த்தால் ஓடு எதிர்பார்ப்பதைவிடத் தடிமனாகவும் கனமாகவும் இருக்கிறது. நிறமோ ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. வெள்ளை, மஞ்சள் கலந்த வெள்ளை, பழுப்பு, ஊதா எல்லாம் உண்டு. சிலவற்றில் முகட்டிலிருந்து விளிம்பை நோக்கிக் கதிர்க்கோடுகள் விரிகின்றன, சிலவற்றில் ஒரு கோடுகூட இல்லை. ஒரே இனத்துக்குள் இத்தனை நிறவேறுபாடு இருப்பது, ஒரே தோற்றத்தைத் தேடிப் பழகிய பறவைகளின் கண்ணுக்குத் தப்ப உதவக்கூடும் என்று டோனாக்ஸ் ஃபாபாவை ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். வழவழப்புக்கும் கனத்துக்கும் காரணம் தேட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மணலே பதில் சொல்கிறது.

அந்த மணல் எப்படிப்பட்ட இடம் என்பதை மலையில் இருப்பவர்கள் கற்பனை செய்துகொள்வது கடினம். கடற்கரை என்றால் உட்கார்ந்து காற்று வாங்கும் இடம் என்ற எண்ணமே நம் மனத்தில் இருக்கிறது. இந்த மட்டி வாழ்வதோ அலை உடைந்தபின் நீர் மெல்லிய தகடாகக் கரைமேல் ஓடி ஏறி, நின்று, திரும்ப இறங்குகிற பட்டையில். அங்கே சில நொடிகளுக்கு ஒருமுறை மேல்மணல் இடம்பெயர்கிறது. நேற்றுக் கால் வைத்த மேடு இன்று பள்ளமாக இருக்கும். ஒட்டிக்கொள்ள ஒரு கல் இல்லை, பற்றிக்கொள்ள ஒரு வேர் இல்லை. கடற்பாசி முளைக்கவும் முடியாது. வளை தோண்டினால் அது அடுத்த அலையில் சரிந்துவிடும் என்பதால் நிலையான வளையும் சாத்தியமில்லை. வெயில் ஏறினால் மேல்மணல் சுடும், மழை கொட்டினால் உப்புக் குறையும். இத்தனை நிலையற்ற இடத்தில் வாழத் துணிந்த உயிரினங்கள் மிகச் சில. ஆனால் துணிந்தவை பெருங்கூட்டமாக வாழ்கின்றன. டோனாக்ஸ் மட்டிகளும், எமெரிட்டா என்னும் முட்டை வடிவ மணல்நண்டுகளும் அவற்றில் முதன்மையானவை.

பூம்புகாரில் நான் முதலில் மட்டியைத் தேடியபோது, அலை ஏறி வரும் இடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூடையோடு மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "அலை ஏறையில பாக்காதம்மா, எறங்கையில பாரு. தண்ணி வடியுற எடத்துல மணலு தானாக் கண்ணு தெறக்கும்" என்றார். அவர் சொன்னபடி, இறங்கும் நீரின் பின்விளிம்பைப் பார்த்தேன். பளபளத்த மணல் ஈரம் வற்றி மங்கும் அந்தக் கணத்தில், சிறு சிறு துளைகள் அங்கங்கே தோன்றின; ஒன்றிரண்டு இடங்களில் மணல் லேசாகப் புடைத்தது. கையை வைத்து ஒரு பிடி அள்ளியபோது உள்ளங்கையில் மூன்று நான்கு மட்டிகள் இருந்தன. "எப்படிக்கா சமைப்பீங்க?" என்று கேட்டேன். ஒரு நாள் தண்ணீரில் போட்டு மணலைக் கக்க வைத்து, பிறகு அவித்து, ஓடு திறந்ததும் சதையை எடுத்துக்கொள்வதாகவும், அவித்த தண்ணீரைக் கொட்டாமல் குடித்துவிடுவதாகவும் சொன்னார். மணலைக் கக்க வைக்கும் அந்த வேலை, இந்த உயிரினத்தின் உணவு முறையைத் தெரிந்துகொண்டு செய்யும் வேலை என்பதை நான் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அள்ளிய மட்டிகளில் ஒன்றை ஈர மணல்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஓடு மயிரிழை அளவு திறந்தது. நீண்ட முனையின் பக்கத்திலிருந்து வெண்ணிறமான ஒரு கால் வெளியே வந்தது. அது கால் என்பதைவிட நாக்கைப் போலத் தட்டையாக, வியப்பூட்டும் நீளத்துக்கு நீண்டது. அதன் நுனி மணலை இரண்டு மூன்று முறை துழாவி உள்ளே இறங்கியது. கிடந்த ஓடு சட்டென நிமிர்ந்து நின்றது. அடுத்தடுத்து மூன்று நான்கு இழுப்பில் மட்டி கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிட்டன.

அந்த இழுப்புகளுக்குள் நடக்கும் வேலை மிக நுட்பமானது. ட்ரூமன் என்னும் பிரிட்டிஷ் விலங்கியலாளர் 1960-களில் மட்டிகள் புதைவதை அழுத்தமானிகள் கொண்டு அளந்து அதைப் படிப்படியாக விளக்கினார். முதலில் ஓடுகள் லேசாகத் திறந்து இருபுற மணலையும் அழுத்தி நங்கூரமாக நிற்கின்றன. அந்தப் பிடிமானத்தில் கால் கீழே துளைத்து இறங்குகிறது. கால் போதிய ஆழம் சென்றதும் மூடுதசைகள் சுருங்க, ஓடுகள் விசையுடன் மூடுகின்றன. அப்போது உள்ளிருந்த நீர் இரண்டு திசைகளில் தள்ளப்படுகிறது: ஒரு பகுதி ஓட்டின் விளிம்பு வழியே பீய்ச்சியடித்துச் சுற்றியுள்ள மணலை இளக்குகிறது; உடலுக்குள் இருக்கும் இரத்தமோ காலுக்குள் பாய்ந்து அதன் நுனியைப் புடைக்க வைக்கிறது. இப்போது நங்கூரம் கீழே மாறிவிட்டது. புடைத்த நுனி மணலைப் பற்றிக்கொள்ள, காலை இழுக்கும் தசைகள் சுருங்கி ஓட்டைக் கீழே இழுக்கின்றன. மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி என்று மாறி மாறி நடக்கும் இந்தச் சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொண்டபின் ஓட்டை மீண்டும் கையில் எடுத்தால் அதன் ஒவ்வொரு பண்பும் தன் காரணத்தைச் சொல்கிறது. எங்கள் ஊரில் கற்பூரமரக் கட்டையைப் பிளப்பவர்கள் அடிக்கும் ஆப்பு எப்படி மெலிந்த முனையால் வழி திறந்து தடித்த பாகத்தை உள்ளே கொண்டுபோகிறதோ, அப்படித்தான் இந்த ஓட்டின் நீண்ட முன்முனையும் மணலைப் பிளக்கிறது. மேற்பரப்பில் வரம்போ முள்ளோ இருந்திருந்தால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் மணல் தடுத்திருக்கும். அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஸ்டீவன் ஸ்டான்லி 1970-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் பலவகை இரட்டை ஓட்டு உயிரினங்களின் ஓட்டு வடிவத்தையும் வாழ்முறையையும் ஒப்பிட்டுக் காட்டினார். வேகமாகப் புதையும் இனங்களின் ஓடுகள் பெரும்பாலும் வழவழப்பாகவும் மெலிந்த முன்பகுதி கொண்டனவாகவும் இருப்பது அதில் தெளிவாகிறது. மெதுவாகப் புதைந்து ஓரிடத்தில் கிடக்கும் மட்டிகளுக்கு வரம்பும் மேடும் இருக்கலாம். அவை அடித்துச் செல்லப்படும் ஆபத்தில் இல்லை. அடுத்த அலை வருவதற்குள் மறைந்தாக வேண்டிய உயிருக்கு அந்த அலங்காரம் கட்டுப்படியாகாது. ஓட்டின் கனமும் அப்படியே. நீர் இழுக்கும்போது லேசான ஓடு உருண்டு மிதந்து போய்விடும், கனமான ஓடு சீக்கிரம் தரை தொடும்.

இந்தப் பாடத்தை நடத்திய ஒரு நாள், வகுப்பில் ஒரு மாணவி, "மிஸ், இதுக்குத் தலையும் இல்ல, கண்ணும் இல்ல. அலை வர்றது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி அது. ஏனென்றால் டோனாக்ஸ் இனங்களில் சில, அலைக்குத் தப்பிப் புதைவதோடு நிற்காமல் அலையையே வாகனமாகப் பயன்படுத்துகின்றன. கடல் ஏறும்போது மட்டி மணலிலிருந்து தானே துள்ளி வெளியே வந்து, ஏறுகிற நீரில் அடித்துச் செல்லப்பட்டு, கரையில் மேலே போய்ப் புதைந்துகொள்கிறது. கடல் வற்றும்போது இறங்கும் நீரோடு கீழே போகிறது. இப்படி நீர்விளிம்பு நகர நகர அதுவும் நகர்வதால் எப்போதும் உணவு மிகுந்த அந்த ஈரப்பட்டையிலேயே இருக்க முடிகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் வாழும் டோனாக்ஸ் வேரியாபிலிஸ் என்னும் இனத்தை ஆராய்ந்த ஓலாஃப் எல்லர்ஸ் 1995-இல் வெளியிட்ட கட்டுரைகளில், அந்த மட்டி அலை வந்து தொடுவதற்கு முன்பே வெளியே துள்ளுகிறது என்பதையும், அலை உடையும்போது மணல் வழியாக வரும் தாழ்ந்த ஒலியதிர்வை உணர்ந்தே அப்படிச் செய்கிறது என்பதையும் காட்டினார். எல்லா அலைக்கும் அது துள்ளுவதில்லை. நெடுந்தூரம் ஏறக்கூடிய பெரிய அலைகளையே தேர்ந்தெடுக்கிறது. அது மட்டுமல்லாமல், ஆப்பு வடிவமும் கனத்தின் பகிர்வும் சேர்ந்து, ஓடும் நீரில் அந்த மட்டியைக் கண்டபடி உருளவிடாமல் ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் தானாகவே திருப்பிவிடுகின்றன. அதாவது மணலைப் பிளக்க உதவும் வடிவமே நீரிலும் அதற்குச் சுக்கான் ஆகிறது. கண் இல்லாத உயிர் காலடி மண்ணின் அதிர்வைக் கேட்டு அலையை எடை போடுகிறது என்று நான் விளக்கியபோது வகுப்பு முழுவதும் அமைதியானது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எல்லா இனங்களும் ஒரே அளவில் இந்தப் பயணத்தைச் செய்வதில்லை. ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும் நம் சோழமண்டலக் கரையில் மட்டி பயணிக்க வேண்டிய தூரமும் குறைவு. இந்திய மட்டிகளைப் பற்றிய ஆய்வுகளும் பழமையானவை. மண்டபம் கடற்கரையின் டோனாக்ஸ் ஃபாபாவைப் பற்றி கே. அழகர்சாமி எழுதிய கட்டுரை 1966-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிற்காலத்தில் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டு பெயர் பெற்றவர் அவர்தான். விலைமதிப்பற்ற முத்துச்சிப்பிக்கு முன்னால் விலையே இல்லாத இந்தச் சிறு மட்டியிடம் அவர் பொறுமையாக நேரம் செலவிட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கேரளத்தில் கொச்சிக்கும் சேர்த்தலைக்கும் அருகிலுள்ள கரைகளை ஆராய்ந்து 1972-இல் ஆன்செல் குழுவினர் வெளியிட்ட கட்டுரைகளும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த மணலையும் அதில் வாழும் டோனாக்ஸ் இனங்களையும் எப்படிப் புரட்டிப் போடுகிறது என்பதை விவரிக்கின்றன.

இனி ஓட்டின் உட்புறம். இதைப் பார்க்க ஒரு கைலென்ஸ் போதும். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். உட்பரப்பு பீங்கான் மினுமினுப்புடன் இருக்கும். இரு முனைகளுக்கும் அருகே மங்கலான இரண்டு வட்டங்கள் தெரியும். மூடுதசைகள் ஒட்டியிருந்த தழும்புகள் அவை. இரண்டையும் இணைத்து விளிம்புக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு ஓடும். உடலைப் போர்த்தியிருந்த மேலுறைத் திசு ஓட்டோடு பிடித்திருந்த வரி அது. முன்பக்கத்திலிருந்து நேராக வரும் அந்தக் கோடு, பின்பக்கத்தை நெருங்கியதும் சட்டென்று உள்நோக்கித் திரும்பி, ஓட்டின் நடுப்பகுதி வரை ஆழமாகச் சென்று ஒரு குடாவைப் போல வளைந்து மீள்கிறது. நீர்க்குழல்கள் உள்ளே இழுக்கப்படும்போது அடங்குவதற்கான இடம் அந்த வளைவு. குழல் நீளமாக இருந்தால் வளைவும் ஆழமாக இருக்கும். எனவே மட்டி செத்து, சதை அழிந்து, ஓடு மட்டும் எஞ்சிய பிறகும், இது மணலுக்குள் புதைந்து குழல் நீட்டி வாழ்ந்த உயிர் என்பதை அந்த ஒரு வளைவைக் கொண்டே சொல்லிவிடலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவ ஓடுகளில் வாழ்முறையை ஊகிப்பவர்கள் முதலில் தேடும் தடயங்களில் இதுவும் ஒன்று.

குழல்கள் இரண்டும் தனித்தனியானவை. ஒன்று நீரை உள்ளே இழுக்கிறது, மற்றொன்று வெளியேற்றுகிறது. இழுக்கும் குழலின் வாயைச் சுற்றிக் கிளைத்த இழைகள் உண்டு. அவை ஒன்றோடொன்று பின்னி மணல்துகளைத் தடுத்து, நீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்ப்பாசிகளையும் மட்டும் உள்ளே விடுகின்றன. செவுள்கள் அந்த உணவை வடித்து வாய்க்கு அனுப்புகின்றன. இத்தனை தடுப்பு இருந்தும் அலை கலக்கும் இடத்தில் கொஞ்சம் மணல் உள்ளே போகத்தான் செய்யும். அதனால்தான் பூம்புகார் அம்மாள் ஒரு நாள் தண்ணீரில் ஊற வைக்கிறார்.

என்னிடமுள்ள ஓடுகளில் நான் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது துளையுள்ள ஒன்றை. முகட்டுக்குச் சற்றுக் கீழே, குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய வட்டத் துளை. வெளியே அகன்று உள்ளே குறுகிச் சரிவான சுவருடன், இயந்திரத்தில் கடைந்ததுபோல் அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. மாலை கோப்பதற்காக யாரோ போட்ட துளை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதைப் போட்டது நாட்டிசிடே குடும்பத்தைச் சேர்ந்த வேட்டை நத்தை. அதுவும் மணலுக்குள்ளேயே ஊர்ந்து திரியும். மட்டியைக் கண்டதும் தன் அகன்ற காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, அமிலத்தன்மையுள்ள சுரப்பால் ஓட்டை இளக்குவதும், பல்நாக்கால் சுரண்டுவதுமாக மாறி மாறி மணிக்கணக்கில் வேலை செய்து துளையிட்டு உள்ளிருக்கும் சதையைத் தின்றுவிடும். முரிசிடே குடும்பத்து நத்தைகள் இடும் துளை பெரும்பாலும் நேர்ச்சுவராக இருக்கும். சரிவுச் சுவர் நாட்டிசிடேயின் கையெழுத்து. மட்டியின் ஓட்டுத் தடிமனுக்கு அலை ஒரு காரணம் என்றால் இந்த நத்தை இன்னொரு காரணம். மேலிருந்து உள்ளான் வகைப் பறவைகளும், பக்கத்திலிருந்து நண்டுகளும், நீர் ஏறும்போது திருக்கைகளும் தேடி வருகின்றன. அலைகளோடு இவை அனைத்தையும் சமாளித்து அது வாழும் காலம் பொதுவாக ஓரிரண்டு ஆண்டுகள்தாம்.

மட்டியைப் பற்றிப் பேசும் மலைக்காரிக்கு மணலைப் பற்றிப் பேச இன்னும் பெரிய காரணம் இருக்கிறது. பூம்புகாரில் கடலில் கலப்பது காவிரி. காவிரியில் பவானிக் கூடுதுறையில் வந்து சேர்வது பவானி. அந்தப் பவானி பிறப்பது நீலகிரியின் மேற்குச் சரிவில். குன்னூர் ஆறு மேட்டுப்பாளையத்துக்கு அருகில் அதில் கலக்கிறது. பைக்காரா கீழே இறங்கி மாயாறாகி, பவானிசாகரில் அதோடு சேர்கிறது. பழனி மலையின் வடக்குச் சரிவில் விழும் மழையும் சண்முகநதி வழியாக அமராவதியை அடைந்து கரூருக்கு அருகே காவிரியில் சேருகிறது. நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டும் அதையொத்த உருமாறிய பாறைகளும்; வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மழையும் வெயிலும் அந்தப் பாறையைச் சிதைக்கும்போது அதிலுள்ள ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது, இரும்புக் கனிமங்கள் துருவேறி நம் செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கின்றன, குவார்ட்ஸ் மட்டும் மாறாமல் மணியாக உதிர்கிறது. வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனாலும் கடலோரம் அவற்றைப் பிரித்துவிடுகிறது: அலையின் கொந்தளிப்பில் களிமண் தங்க முடியாமல் ஆழத்துக்குப் போய்விட, மணிகள் கரையில் நிற்கின்றன. பூம்புகார் மணலை லென்ஸில் பார்த்தால் கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் மணிகளுக்கிடையே செந்நிறக் கார்னெட் மணிகளும் கருமையான இரும்புக் கனிமங்களும் தெரிகின்றன. குடகிலிருந்தும் மைசூர்ப் பீடபூமியிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்த மணிகள் அதில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தாலும், நம் மலையின் பங்கும் அதில் இருக்கிறது. மட்டி தன் காலால் பற்றிக்கொள்ளும் மணியில் ஒன்று எப்போதோ தொட்டபெட்டாவின் உடம்பாக இருந்திருக்கலாம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. அதைச் சொல்லும்போது எனக்கே மனம் நெகிழும்.

அந்த மணல்வரவு இப்போது முன்போல் இல்லை. பைக்காரா மின்நிலையம் 1932-லும், மேட்டூர் அணை 1934-லும், பவானிசாகர் அணை 1955-லும் இயங்கத் தொடங்கின. குந்தா மின்திட்டத்தின் நீர்த்தேக்கங்கள் அதற்குப் பின் வந்தன. அணைகள் தண்ணீரோடு மண்ணையும் மணலையும் தேக்குகின்றன. சரிவுகளில் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடும் நிலங்களிலிருந்து அரித்துச் செல்லப்படும் மண் மலை நீர்த்தேக்கங்களில் வண்டலாகப் படிவது எங்கள் பகுதியில் எல்லோரும் அறிந்த செய்தி. தப்பிக் கீழே போகும் மணலையும் ஆற்றுப்படுகையில் லாரிகள் அள்ளுகின்றன. கடற்கரைக்கு வந்து சேர்ந்த மணலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி கரையோர நீரோட்டம் அதை வடக்கு நோக்கியும், வாடைக்காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்த்துகிறது. குறுக்கே ஒரு துறைமுகச் சுவர் எழுந்தால் ஒருபுறம் மணல் சேரும், மறுபுறம் கரை கரையும். சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் அப்படித்தான். அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினால் வீடுகள் காப்பாற்றப்படலாம். அலை ஏறி இறங்கும் மணற்பட்டை மட்டும் அங்கே இல்லாமல் போய்விடும்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மட்டி தன் ஓட்டைக் கட்டுவது சுண்ணாம்புச் சத்தால். கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கரைந்திருப்பதால் அதற்குப் பஞ்சமே இல்லை. நீலகிரி மண்ணோ அமிலத்தன்மை உடையது; தேயிலை விரும்பும் அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை. அமிலம் மிஞ்சிப்போனால் கவாத்துக்குப் பிறகு டோலமைட் என்னும் சுண்ணாம்புக் கல்தூளைப் போட்டுச் சரிசெய்கிறோம். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் முட்டை ஓடு மெலியாமலிருக்கக் கீழ்நாட்டிலிருந்து வரும் கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்கிறார்கள். எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஓர் ஓட்டைப் புதைத்து வைத்துச் சில பருவமழைகளுக்குப் பின் எடுத்தோம். பளபளப்பு முழுவதும் போய், நிறம் வெளுத்து, விளிம்பு விரலில் மாவாக உதிர்ந்தது. உட்புறத்து வளைவுகூடத் தெரியவில்லை. கடற்கரை மணலில் ஆண்டுக்கணக்கில் உருண்டும் கெடாத ஓட்டை இந்த மண் சத்தமில்லாமல் கரைத்துவிடுகிறது.

கடந்த ஆண்டுப் பிள்ளைகளில் ஒருவன், "மணல் கொறைஞ்சுட்டா மட்டி வேற எங்க மிஸ் போகும்?" என்று கேட்டான். வளர்ந்த மட்டியால் அதிக தூரம் போக முடியாது. அது கரைக்கும் கடலுக்கும் இடையே ஏறி இறங்கும், அவ்வளவுதான். இடம் மாறுவது அதன் குஞ்சுகளின் வேலை. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் கடலில் விட, அங்கே கருவுற்றுப் பிறக்கும் கண்ணுக்குத் தெரியாத இளவுயிரிகள் நீரோட்டத்தில் சில வாரங்கள் மிதக்கின்றன. பிறகு அடியில் இறங்கிப் புதிய வாழ்வைத் தொடங்குகின்றன. பொருத்தமான மணல் அகப்படாவிட்டால் இறங்குவதைச் சிறிது காலம் தள்ளிப்போடும் ஆற்றல் இரட்டை ஓட்டு உயிரினங்கள் பலவற்றின் இளவுயிரிகளுக்கு உண்டு; ஆனால் காலவரையின்றி மிதக்க முடியாது. ஆகவே அடுத்தடுத்த ஊர்களில் மணல் இருந்தால் ஓர் ஊரின் இழப்பை இன்னோர் ஊரின் குஞ்சுகள் ஈடுகட்டும். நெடுந்தொலைவுக்குக் கருங்கல்லாகவே இருந்தால் அந்த ஈடு கிடைக்காது. கல் கொட்டிய கரையில் உயிரே இல்லாமல் போவதுமில்லை. அங்கே ஆளி என்னும் சிப்பி வகையும் கொட்டலசுகளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் பையனிடம் ஆளியின் ஓடு ஒன்றையும் கொடுத்தேன். கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நெளிந்து, சொரசொரப்பாக, ஒரு ஓடு குழிந்தும் மற்றது தட்டையாகவும் இருந்த அதன் உட்புறத்தில் ஒரே ஒரு தசைத் தழும்புதான் இருந்தது. குழல் அடங்கும் அந்த வளைவை அவன் லென்ஸ் வைத்து நெடுநேரம் தேடினான். ஆளிக்குக் குழல் கிடையாது என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவன் கண்டுபிடித்துவிட்டான்.